திருட்டுப் போகாத பெட்ரோல்

இப்போது வரும் கார்களுக்கு வாய் இருக்கிறது. பெல்ட் போடாவிட்டால் கத்துகிறது, கதவைச் சரியாகச் சாத்தாவிட்டால் கத்துகிறது, பின்னால் ஒரு கோழி குறுக்கே போனால்கூடக் கத்துகிறது. என் மகள் போன மாதம் வாங்கிய சின்ன காரில் முதல்நாள் ஏறி உட்கார்ந்தபோது அது போட்ட சத்தத்தில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. சும்மா இரு என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அம்மா காரோடு சண்டைக்குப் போகிறாள் என்று மகள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள்.

ஐம்பதைத் தாண்டிய நம் ஆட்களுக்கு இந்தக் காரின் மூத்த தலைமுறை நினைவிருக்கும். தீப்பெட்டியை நாலு சக்கரத்தில் நிறுத்தியதுபோல இருக்கும். கைப்பிடியைச் சுற்றிச் சுற்றித்தான் கண்ணாடியை இறக்க வேண்டும். ஏசி கிடையாது, பாட்டு கிடையாது. எதைச் செய்தாலும் எப்படி ஓட்டினாலும் ஒரு வார்த்தை சொல்லாது. சுத்த ஊமை. அது வாய் திறந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் ஒரு மனிதனின் கை ஒடிந்திருக்காது, அவர் பெயரும் கெட்டிருக்காது. கார் பேசாது, சரி. எனக்கு வாய் இருந்தது. நானும் பேசவில்லை. அதைத்தான் இங்கே சொல்ல வந்தேன், இதில் எனக்கு ஒரு பெருமையும் இல்லை.

அரியலூரில் செந்துறை ரோட்டில் எங்கள் வீடு. வீட்டை ஒட்டி லாரி ஷெட். அப்பாவுக்கு அப்போது மூன்று லாரிகள், மூன்றும் சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு போய் சிமெண்ட் ஆலையில் கொட்டிவிட்டு வரும். எங்கள் பக்கம் எல்லாமே வெள்ளையாக இருக்கும். வேப்பிலை வெள்ளை, மாட்டு முதுகு வெள்ளை, காலையில் கொடியில் போட்ட கறுப்புப் பாவாடை சாயங்காலத்துக்குள் வெள்ளை. அந்த ரோட்டில் அடிக்கடி ஏதாவது ஒன்று அடிபட்டுச் சாகும். நாய் என்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆள் என்றால் கூட்டம் கூடும், லாரி எரியும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஒருமுறை எரிகிற லாரியைச் சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். டயர் வெடிக்கிற சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தவள், கை கால் கழுவிவிட்டு ரசம் சோறு கேட்டுச் சாப்பிட்டேன். எங்களுக்கு அது பழக்கம்.

அப்பாவும் அப்படிப் பழகிப்போனவர்தான். ஷெட் சுவரில் ஓர் ஆணியில் தேய்ந்துபோன ஃபேன் பெல்ட் ஒன்று தொங்கும், லாரி இன்ஜினில் மாட்டுகிற ரப்பர் பட்டை. லோடு தாமதமானால் கிளீனர்களுக்கு, குடித்துவிட்டு வந்தால் டிரைவர்களுக்கு, குழம்பில் உப்புக் கூடினால் அம்மாவுக்கு என்று அது ஆணியை விட்டு இறங்கும். அடித்து முடித்ததும் அதே ஆணியில் ஒழுங்காக மாட்டிவிட்டு சோப்புப் போட்டுக் கை கழுவுவார். ஊரில் அவருக்கு நல்ல மனுஷர் என்று பெயர். கோயில் காரியம் என்றால் முதல் ஆளாக நிற்பார். அவர் படத்துக்கு இன்றைக்கும் நான்தான் பூப் போடுகிறேன். போடும்போது கோபமாகத்தான் இருக்கிறது.

அந்தச் சின்ன காருக்குப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள் அப்போது. அப்பாவுக்கு ஒரு மாசி மாதம் வந்தது. அப்பா, அம்மா, நான், டிரைவர் அண்ணன் நாலு பேரும் திருச்சிக்குப் போய் எடுத்து வந்தோம். எனக்குப் பத்து வயது. டிரைவர் அண்ணன் வரதராசன்பேட்டைக்காரர், மாதாகோயில்காரர். எங்கள் லாரியைப் பத்து வருஷம் ஓட்டியவர். இருந்த ஆட்களிலேயே குடிக்காதவர் அவர் ஒருவர்தான் என்று அப்பாவே அவரைக் காருக்கு மாற்றியிருந்தார்.

ஷோரூமில் டை கட்டிய ஓர் ஆள் வண்டியைக் காட்டி ஒவ்வொன்றாக விளக்க வந்தான். அப்பா கையை நீட்டித் தடுத்தார். லாரியை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் போடுகிறவனுக்கு இந்தத் தீப்பெட்டியைப் பற்றிப் பாடம் நடத்துகிறாயா என்று கேட்டார். அந்த ஆள் சிரித்து மழுப்பி, இங்கிலீஷில் இருந்த ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்தான். அதை உறை பிரிக்காமல் டிக்கியில் போட்டோம். அது கடைசிவரை அங்கேயே கிடந்தது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக் கிளம்பினோம்.

கீழப்பழுவூர் தாண்டியதும் பின்சீட்டிலிருந்த அம்மா எட்டிப் பார்த்து, ஸ்டியரிங் பக்கத்தில் கறுப்புக் குமிழாக ஒரு நாப் நீட்டிக்கொண்டிருக்கிறதே, அது எதற்கு என்று கேட்டாள். அப்பா அதைப் பார்த்தார். தெரியாது என்ற சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதே கிடையாது. பை மாட்டுவதற்கு என்றார். டிரைவர் அண்ணன் ஒரு நொடி அவரைப் பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தார். அவருக்கும் தெரியாது. டீசல் லாரியில் அப்படி ஒரு சாமான் கிடையாது, முதலாளி சொன்னபிறகு மறுபேச்சும் கிடையாது.

மறுநாளிலிருந்து அதில் என் வயர் பை தொங்கியது. அம்மா பின்னிய பை, பச்சையும் சிவப்புமாகக் கட்டம் போட்டது. உங்களில் பலருடைய அம்மாக்களும் பின்னியிருப்பார்கள். உள்ளே இரண்டடுக்கு டிபன் கேரியர், நிறையத் தண்ணீர் பிடித்த பிளாஸ்டிக் பாட்டில். பள்ளிக்கூடம் போகிற ரோடு முழுக்கக் குழி. ஒவ்வொரு குழிக்கும் பை ஒரு குதி குதித்து அந்த நாபை இழுக்கும். முன்சீட்டில் உட்கார்ந்து அது ஆடுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு போவேன். டிரைவர் அண்ணன் நல்ல குஷியில் இருப்பார்.

"லாரில ஏறி ஒக்காந்தவன் பாப்பா நானு. இதுல எறங்கி ஒக்கார வேண்டியிருக்கு," என்பார்.

பங்குனி பிறந்ததும் கார் பெட்ரோல் குடிக்க ஆரம்பித்தது. நிரப்பிய ஐந்தாம் நாளே முள் கீழே கிடக்கும். பின்னால் கறுப்பாகப் புகை வரும். என் யூனிபார்ம் முழுக்கப் பெட்ரோல் வாடை, இரண்டு நாள் வகுப்பில் வாந்தி எடுத்தேன். சின்ன வண்டி சிக்கனமான வண்டி என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த நேரம் அது. டீக்கடையில் மற்ற லாரி முதலாளிகள் அப்பாவைப் பிடித்துக்கொண்டார்கள். கார் வாங்கினாயா, யானை வாங்கினாயா என்று கேட்டுச் சிரித்தார்கள். சிரிப்பை அப்பாவால் தாங்க முடியாது. அடியைத் தாங்கிக்கொள்வார், சிரிப்பைத் தாங்க மாட்டார்.

டீசல் திருட்டு தெரியாத லாரி முதலாளி கிடையாது. டேங்குக்குள் டியூப்பை விட்டு வாயால் உறிஞ்சிக் கேனில் பிடித்து விற்பார்கள். அப்பாவும் டிரைவராக இருந்து மேலே வந்தவர்தான். அவரும் அந்தக் காலத்தில் அதைச் செய்திருப்பார் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அதனாலேயே பெட்ரோல் குறைவதற்கு வேறு ஒரு காரணம் இருக்கலாம் என்று அவர் புத்திக்கு எட்டவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மாதாகோயிலில் பூசை முடிந்து நேராக வந்திருந்தார் டிரைவர் அண்ணன், வெள்ளைச் சட்டையோடு. ஷெட்டில் கிளீனர்களும் மற்ற டிரைவர்களும் நின்றார்கள். அப்பா ஒரு தாம்பாளத்தில் பெரிய கற்பூரமாக வைத்துக் கொளுத்தினார். நான் அடுப்படி ஜன்னலில் நின்றேன். அம்மா என் சடையைப் பிடித்து இழுத்தாள், நான் கம்பியை விடவில்லை.

எங்கள் பக்கம் அது வழக்கம். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். பொய் என்றால் குடும்பம் விளங்காது. தயங்கினால் அந்த நிமிஷமே திருடன் என்று முடிவு கட்டிவிடுவார்கள். அப்பா அவரை அணைக்கச் சொன்னார்.

"எங்களுக்குக் கற்பூரம் கெடையாதுங்க மொதலாளி," என்றார் அவர். "மாதா மேல ஆணையா சொல்றேன். ஒரு சொட்டு எடுக்கலீங்க."

அவர் தப்பிக்கப் பார்க்கிறார் என்றே எல்லாரும் நினைத்தார்கள். இன்னொரு மதத்துக்காரருக்கு இன்னொரு வழக்கம் இருக்கும் என்று அங்கே நின்ற பத்துப் பேரில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. அப்பா கண்ணைக் காட்ட, இரண்டு கிளீனர்கள் அவரைப் பின்னாலிருந்து பிடித்தார்கள். அப்பா அவருடைய வலது கையை இழுத்துக் கற்பூரத்தின் மேல் வைத்து அழுத்தினார். அது அணையவில்லை. விரலிடுக்கில் தீ எரிந்தது. மயிர் பொசுங்குகிற வாடை ஜன்னல்வரை வந்தது.

வலி தாங்காமல் அவர் உதறினார். உதறிய வேகத்தில் அப்பா கிரீஸ் கொட்டிக் கிடந்த தரையில் மல்லாந்து விழுந்தார். வேட்டி இடுப்புக்கு ஏறிவிட்டது. ஒரு கிளீனர் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பு வராமல் இருந்திருந்தால் கைச்சூட்டோடு போயிருக்கும் என்று பல வருஷம் நினைத்திருக்கிறேன்.

அப்பா எழுந்து ஜாக்கியின் இரும்பு ராடை எடுத்தார். முதல் அடி மணிக்கட்டில். முருங்கைக் கிளை ஒடிகிற சத்தம் கேட்டது. இரண்டாவதும் அதே இடத்தில். பிறகு தோளில், பிறகு தலையில். டிரைவர் அண்ணன் அலறவில்லை. ஒவ்வொரு அடிக்கும் மாதாவே, மாதாவே என்று மட்டும் சொன்னார், கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் குறைந்தது. அம்மா ஒரு சொம்புத் தண்ணீரோடு ஓடினாள். அப்பா சொம்பை உதைத்தார், அது அம்மாவின் பல்லில் பட்டது. சுண்ணாம்புத் தூளில் ரத்தம் விழுந்தால் நிற்காது, உடனே உறிஞ்சிக்கொண்டு பழுப்பாகிவிடும். அன்றைக்குத்தான் அதைக் கவனித்தேன்.

இவனுக்கு எவனும் ஸ்டியரிங்கைக் கொடுக்கக் கூடாது என்று அப்பா அங்கேயே அறிவித்தார். அரியலூரிலும் பெரம்பலூரிலும் ஒரு முதலாளியும் கொடுக்கவில்லை.

பத்து நாள் கழித்துக் கார் நின்றே போனது. திருச்சியிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். பானெட்டைத் திறந்து பிளக்கைக் கழற்றினார், கரி அப்பியிருந்தது. முன்சீட்டில் வந்து உட்கார்ந்தார், என் வயர் பையை எடுத்துக் கீழே வைத்தார், கறுப்பு நாபை உள்ளே தள்ளினார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"சோக்க இழுத்து வச்சுக்கிட்டே யாருங்க ஓட்டுறது? கொடம் கொடமா குடிக்குமே."

சோக் என்றால் என்ன என்று அப்பா கேட்கவில்லை, மெக்கானிக்கே சொன்னார். குளிர்ந்த இன்ஜின் கிளம்பாவிட்டால் அதை வெளியே இழுத்தால் பெட்ரோல் கூடுதலாக இறங்கும், கிளம்பியதும் உள்ளே தள்ளிவிட வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு அதைத் தொடவே தேவையில்லை. பை கனத்தில் அது பாதி வெளியே வந்து அப்படியே நின்றிருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். கண்டுபிடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை அவருக்கு.

அப்பா முகத்தில் பயத்தை அன்றைக்கு ஒருநாள்தான் பார்த்தேன். மெக்கானிக்குக் காபி கொடுத்து மரியாதையாக அனுப்பினார். இனி அப்பா நேரே வரதராசன்பேட்டைக்குப் போய் டிரைவர் அண்ணனைக் கூட்டிவருவார் என்று நான் நம்பினேன். பத்து வயதுப் புத்தி. அவர் ஷெட்டுக்குப் போய் ஃபேன் பெல்ட்டோடு வந்தார்.

"நீங்கதானங்க பை மாட்டச் சொன்னீங்க," என்றாள் அம்மா. அந்த ஒரு வாக்கியம்தான். அதற்குமேல் பேச அவளுக்கு மூச்சு இல்லை. அவள் முதுகில் ரவிக்கை கிழிந்து தொங்குகிறவரை அடித்தார். பிறகு என் வயர் பையை அரிவாள்மனையில் வைத்து அறுத்தார். பச்சையும் சிவப்புமாகத் துண்டு துண்டாக விழுந்தது. கடைசியில் என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முகத்துக்கு நேரே, சத்தம் போடாமல் சொன்னார்.

"மெக்கானிக் சொன்னது இந்த வூட்டத் தாண்டிப் போச்சு, ஒங்கம்மா இருக்க மாட்டா."

நான் நம்பினேன். அவர் செய்யக்கூடியவர்.

ஆடிக் காற்று அடித்த ஒரு மத்தியானம் டிரைவர் அண்ணன் வந்தார். வலது கையைத் துண்டில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். மணிக்கட்டு கோணலாகச் சேர்ந்திருந்தது. இடது கையில் தன் மகனைப் பிடித்திருந்தார், ஐந்து வயதுப் பையன். வாசலில் கட்டில் போட்டு அப்பாவும் வேறு இரண்டு லாரி முதலாளிகளும் உட்கார்ந்திருந்தார்கள்.

வேலை கேட்டு வரவில்லை என்றார் அவர். தெருவில் பையனைத் திருடன் மகன் என்று கூப்பிடுகிறார்கள், வீட்டில் மனைவிக்கே சந்தேகம் வந்துவிட்டது, நாலு பேர் முன்னால் இவன் திருடவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், போதும் என்றார். அப்பாவுக்கு அப்போது எல்லாம் தெரியும். கட்டிலில் சாய்ந்தபடியே, என்னைக் கேட்டுப் பார்க்கச் சொன்னார். தினமும் அவனோடு காரில் போனவள் இவள்தானே என்றார்.

டிரைவர் அண்ணன் திண்ணையோரம் நின்ற என் பக்கம் திரும்பினார். அவர் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். என்னை அவ்வளவு நம்பியிருக்கிறார்.

"சொல்லு பாப்பா. நான் டியூப்பு வச்சு எடுத்தத நீ பாத்தியா?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. நிலைப்படியில் நின்ற அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று, மேலும் கீழும், இரண்டு தடவை.

அந்தப் பையன் என்னைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து தன் அப்பாவைப் பார்த்தான். அதற்குள் கிளீனர்கள் வந்து டிரைவர் அண்ணனின் கழுத்தில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். ரோட்டுக்குப் போனபிறகும் கல்லை விட்டெறிந்தார்கள். ஒரு கல் பையன் காலில் பட்டு அவன் கத்திக்கொண்டே போனான். அன்று சாயங்காலம் அப்பா ஜெயங்கொண்டத்திலிருந்து எனக்கு அல்வா வாங்கிவந்தார். தின்றேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அதற்குப்பிறகு எங்கள் காருக்கு டிரைவராக யாரும் வரவில்லை. அப்பாவே ஓட்டினார். காரைச் செய்கிறவர்கள் அதை மாற்றிக்கொண்டே வந்தார்கள். பெட்டி வடிவம் போய் மூக்குச் சரிந்த வண்டி வந்தது. அப்பா பழையதை விற்றுவிட்டு அதை வாங்கினார். பூலாம்பாடிப் பக்கம் ஓர் ஆட்டின் மேல் ஏற்றிவிட்டு, இறங்கி ஆட்டுக்காரரையே அடித்தார். ஊர் கூடி முன்கண்ணாடியைத் தூளாக்கி, இவர் சட்டையையும் கிழித்து அனுப்பியது. நெற்றியில் கண்ணாடிச் சில்லோடு வீட்டுக்கு வந்தவர், சில்லைப் பிடுங்கும்போது வலித்தது என்று அம்மாவை அறைந்தார்.

பிறகு ஐந்து கியர் வந்தது, இன்ஜினுக்குள் பெட்ரோலை அளந்துவிட ஒரு சின்னக் கம்ப்யூட்டர் வந்தது. சோக் இல்லாமலே போனது. அந்த வண்டியை அப்பா வாங்கிவந்த அன்று பக்கத்து வீட்டுக்காரரிடம், இதில் அந்தச் சனியன் கிடையாது என்று பெருமையாகக் காட்டினார். உள்ளே காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா சத்தமாகச் சிரித்துவிட்டாள். அவள் அப்படிச் சிரித்ததை அதற்குமுன் நான் கேட்டதில்லை. அப்பா சாவிக்கொத்தை வீசினார், புருவத்தில் வெட்டு. அந்தத் தழும்போடுதான் அவள் போய்ச் சேர்ந்தாள்.

எனக்குப் பெரம்பலூரில் கல்யாணமாகி, நானும் கார் ஓட்டப் பழகி, அதே சின்ன காரின் அடுத்தடுத்த மாடல்களாக இரண்டு வைத்திருந்தேன். ஜெயங்கொண்டம், உடையார்பாளையம் என்று எத்தனையோ கல்யாணத்துக்கும் சாவுக்கும் அவற்றில் போயிருக்கிறேன். வரதராசன்பேட்டைக்குத் திரும்புகிற இடத்தில் கை தானாக ஸ்டியரிங்கை நேரே பிடித்துக்கொள்ளும். அம்மா செத்தபிறகு அவளைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயமும் போய்விட்டது. அப்போதும் திரும்பவில்லை. அப்பா இருக்கிறாரே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாற்பது வயதுப் பெண்பிள்ளைக்கு எண்பதை நெருங்கும் கிழவரிடம் என்ன பயம் என்று கேட்பீர்கள். கேளுங்கள்.

அப்பா போன தையில் இறந்தார். மகள் புதுக் காரை எடுத்துக்கொண்டு வந்து, முதல் பயணம் உனக்காகத்தான், எங்கே போகலாம் என்று கேட்டாள். சொன்னேன். அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். போகிற வழியில் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் காரை ஓரமாக நிறுத்தினாள். தாத்தாவா என்று மட்டும் கேட்டாள்.

முந்திரிக் கொட்டை சுடுகிற புகை ஊருக்கு வெளியிலேயே தொண்டையைப் பிடித்தது. விசாரித்துக்கொண்டு போனோம். ஆஸ்பெஸ்டாஸ் போட்ட வீடு. வாசலில் சாக்கு விரித்து, உடைத்த முந்திரிப் பருப்பை இடது கையால் தரம் பிரித்துக்கொண்டிருந்தார் அவர். எழுபதைத் தாண்டிய உடம்பு. வலது கை மடியில் சும்மா கிடந்தது. நான் இன்னாரின் மகள் என்றேன். பாப்பாவா என்று கேட்டார். அவர் சிரிக்கவில்லை, உட்காரச் சொல்லவுமில்லை.

நின்றபடியே சொன்னேன். வயர் பை, சோக், மெக்கானிக், அப்பா மிரட்டியது, நான் தலையை ஆட்டியது எல்லாம். அவர் பருப்பைப் பிரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். சோக்கு என்று ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு எழுந்து என் முன்னால் வந்து நின்றார்.

"அப்ப ஒனக்கு எத்தன வயசு?"

"பத்து."

"சரி, பத்து வயசு. பயந்துட்ட. இருவது வயசுல? முப்பதுல? நாப்பதுல?"

அவர் இடது கையால் என் கன்னத்தில் அறைந்தார். என் மூக்குக்கண்ணாடி தெறித்துப் பருப்புக் குவியலில் விழுந்தது. கார்க் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. மகள் ஓடிவந்தாள், போனைக் கையில் எடுத்துவிட்டாள், யாரைக் கூப்பிடப் பார்த்தாளோ. நான் அவள் கையைப் பிடித்து, போய்க் காரில் உட்கார் என்றேன். என் குரலைக் கேட்டு அவள் போய்விட்டாள்.

அவருக்கு மூச்சு வாங்கியது. "எம் பொண்டாட்டி போயி பன்னண்டு வருசம் ஆச்சு. சாகுற வரைக்கும் அவ நம்பல. அவளுக்கு இனிமே யாரு போயி சொல்றது?" என்றார். பிறகு கதவைக் காட்டினார். "எம் மவன் உள்ள சாப்புட்டுக்கிட்டு இருக்கான். வா. என்கிட்ட சொன்னத அவன்கிட்ட சொல்லு."

உள்ளே போனேன். கைலியோடு தரையில் உட்கார்ந்து மீன்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் மகன். டிப்பர் லாரி ஓட்டுகிற உடம்பு, காதோரம் நரை. நான் யார் என்று சொன்னதும் அவர் கை தட்டிலேயே நின்றது. உங்கள் அப்பா திருடவில்லை, பெட்ரோலை வண்டிதான் குடித்தது, அதுவும் நாங்கள் செய்த தப்பால், நான் அன்றைக்குத் தலையை ஆட்டியது பொய் என்று சொன்னேன். கன்னம் எரிய எரிய எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

அவர் குனிந்தபடியே தட்டைத் தள்ளிவைத்தார்.

"நீங்க தலய ஆட்டுனத நான் பாத்தேன்," என்றார். "எங்கப்பா சொன்னத நம்பல. ஒங்களத்தான் நம்புனேன். சின்னப்புள்ள பொய் சொல்லாதுன்னு நெனச்சேன்."

பிறகு தலையைத் தூக்கி என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தார். கிழவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"இவர நான் அடிச்சிருக்கேங்க," என்றார் மகன். "ஒரு தடவ இல்ல, பல தடவ. திருட்டுப்பயன்னு சொல்லிச் சொல்லித்தான் அடிச்சேன்."